ஆப்பிள் மரம் பட்டுப்போயிற்றா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

“ஸ்டீவ் ஜாப்ஸ் போனார், அவரோடு ஆப்பிளும் போயிற்று.” இந்த வாசகத்தை நம் விடுதியிலும் பேருந்து நிறுத்தத்திலும், ஏன், ஆய்வுக்கூட வாயிலிலும்கூட நான் கேட்டிருக்கிறேன். செப்டம்பர் மாதம் வந்து, அந்தக் கம்பெனி தன் புதிய கைப்பேசியை அரங்கேற்றும்போதெல்லாம் இப்பேச்சு தவறாமல் எழுகிறது. “போன ஆண்டு இருந்ததுதான் இந்த ஆண்டும், காமிராவின் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்” என்பார் ஒருவர். “மூளை போய்விட்டது, கணக்குப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்” என்பார் மற்றொருவர். கணக்குப்பிள்ளை என்று அவர் குறிப்பிடுவது டிம் குக் என்பவரை. 2011 ஆகஸ்டில் ஜாப்ஸ் உடல்நலக் குறைவால் பொறுப்பைத் துறந்தபோது அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். ஆறே வாரத்தில், அக்டோபர் 5 அன்று, ஜாப்ஸ் காலமானார்.

என் கருத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் பட்டுப்போகவில்லை. குக் காலத்தில் அதன் வேர் முன்னைவிட ஆழமாகவே இறங்கியது. ஆனால் அம்மரத்தின் கிளையில் ஒரு புல்லுருவியும் அதே காலத்தில் பற்றிக்கொண்டது. குறை கூறும் நண்பர்கள் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. பூ எத்தனை பூத்தது என்று எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

“2024-இல் வந்த ஐபோன் 16-இன் தொடக்க விலை 79,900 ரூபாய். விசைத்தறியில் கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் பிறந்து, முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் உனக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?” என்று யாரேனும் கேட்கக்கூடும். கேட்கட்டும். சந்திரனைப் பற்றிப் படிப்பவன் சந்திரனுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டியதில்லை. தவிரவும், இது நமக்கு அவ்வளவு தொலைவான விஷயமும் அன்று. அந்தக் கைப்பேசிகள் இப்போது நம் தமிழ்நாட்டில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பூட்டப்படுகின்றன. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு அக்காமார் அப்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

முதலில், நாம் எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஜாப்ஸ் காலத்தில் ஆண்டுதோறும் ஓர் அற்புதம் நிகழ்ந்ததாக ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது. ஏடுகளைப் புரட்டினால் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. ஐபாட் எனும் பாட்டுப்பெட்டி வந்தது 2001-இல். ஐபோன் வந்தது 2007-இல். ஐபேட் வந்தது 2010-இல். இரண்டு அற்புதங்களுக்கு நடுவே ஆறாண்டு இடைவெளி! அந்த இடைவெளியில் இருந்த மக்களும் “என்ன புதிதாக வந்தது?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அதுமட்டுமா? ஐபாட் பிறந்தபோது அது ஆப்பிள் கணிப்பொறி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. மற்றவர்களுக்கு ஏற்றதாக வந்தது மறு ஆண்டில்தான். முதல் ஐபோனில் வெளியார் எழுதிய செயலி எதையும் ஏற்ற முடியாது. அதற்கான அங்காடி 2008-இல்தான் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் உள்ள எழுத்தை எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டும் வசதிகூட 2009-இல்தான் கிடைத்தது. பிறந்த அன்றே நடந்த குழந்தை எதுவும் அந்த வீட்டில் இல்லை.

தோல்விகளும் இருந்தன. 2000-இல் கண்ணாடிப் பேழைபோல் வந்த ‘கியூப்’ கணிப்பொறி ஓராண்டிலேயே நிறுத்தப்பட்டது. 2008-இல் வந்த ‘மொபைல்மீ’ எனும் சேவை வந்த வேகத்தில் கெட்ட பெயர் வாங்கியது. இறந்தவரின் தோல்விகளை மறப்பது நம் பண்பாடு. ஆனால் அந்தப் பண்பாட்டை வைத்துக்கொண்டு உயிரோடிருப்பவரை நிறுத்துப் பார்ப்பது நியாயமாகாது.

குக் காலத்தில் பூத்த பூக்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015-இல் கைக்கடிகாரம் வந்தது. முதலில் பத்தாயிரம் டாலரில் தொடங்கிய தங்கக் கடிகாரத்தையும் விற்றுப் பார்த்தார்கள். அது நகைக்கடைக்காரர் வேலை, எடுபடவில்லை. பிறகு அதை உடல்நலக் கருவியாகத் திருப்பினார்கள். 2018-இல் இதயத்தின் மின்துடிப்பை வரைந்து காட்டும் கடிகாரம் வந்தது. 2016-இல் கம்பியில்லாக் காதணிக் கருவி வந்தபோது பல் துலக்கும் தூரிகையின் தலையைக் காதில் செருகியதுபோல் இருக்கிறது என்று உலகமே கேலி செய்தது. இன்று பேருந்தில் பத்துப் பேரில் எத்தனை பேர் அதைப் போலச் செய்ததைக் காதில் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சறுக்கல்களும் உண்டு. 2012-இல் வெளிவந்த நிலப்படச் செயலி ஊர்களைத் தப்பும் தவறுமாகக் காட்ட, குக் மன்னிப்புக் கடிதம் எழுதி, அதுவரை போட்டியாளர்களின் படங்களைப் பயன்படுத்துங்கள் என்று தாமே சொல்ல வேண்டியதாயிற்று. 2015-இல் வந்த மெல்லிய விசைப்பலகை, ஒரு தூசி விழுந்தால் எழுத்து விழாமல் போகும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. மூன்று கருவிகளை ஒரே பாயில் கிடத்தி மின்னேற்றுவோம் என்று 2017-இல் மேடையில் காட்டியதை, 2019-இல் செய்ய முடியவில்லை என்று கைவிட்டார்கள். பத்தாண்டு உழைத்த மோட்டார் கார்த் திட்டம் 2024 பிப்ரவரியில் கலைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அதே மாதம் 3,499 டாலர் விலையில் கண்ணில் மாட்டும் கருவி கடைக்கு வந்தது; கூட்டம் சேரவில்லை. இவற்றையெல்லாம் நான் குற்றமாக எழுதவில்லை. சோதனைக்குழாய் உடையாத ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடமாகத்தான் இருக்க முடியும்.

இனி வேரைப் பற்றி. இங்குதான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். இயற்பியல் மாணவன் என்பதால் இந்த ஆசையை ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

கைப்பேசியோ கணிப்பொறியோ, அதன் உயிர் ஒரு சில்லில் இருக்கிறது. அச்சில்லில் உள்ள ஒரு டிரான்சிஸ்டர் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும், ஒரு சிறு மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்வதற்கான ஆற்றல் செலவாகிறது. இச்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு நொடியில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்பதற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தைக் கூட்ட அதிர்வெண்ணைக் கூட்டுகிறோம். அதைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவருகிறது. உடனே வெப்பம் பெருகுகிறது, அதைத் தணிக்க விசிறி சுழல்கிறது, மின்கலம் கரைகிறது. மடிக்கணிப்பொறியை மடியில் வைக்க முடியாமல் போவது இதனால்தான். பல்லாண்டுகளாக ஆப்பிள் தன் கணிப்பொறிகளுக்கு இன்டெல் கம்பெனியின் சில்லுகளையே வாங்கிப் பொருத்திவந்தது. விலைக்கு வாங்கும் சில்லில் அடுத்தவன் எப்போது, என்ன மாற்றம் செய்கிறானோ அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

2008-இல், ஜாப்ஸ் இருந்தபோதே, பி.ஏ. செமி என்ற சிறிய சில்லு வடிவமைப்புக் கம்பெனியை 27.8 கோடி டாலருக்கு ஆப்பிள் வாங்கியது. அப்போது அது பெரிய செய்தியாகவில்லை. 2010-இல் தன் பெயரில் முதல் சில்லைக் கைக்கருவிகளில் வைத்தது. ஜாப்ஸ் பார்த்தது தொடக்கத்தை மட்டும்தான். 2013-இல், குக் காலத்தில், கைப்பேசியில் முதன்முதலாக 64 பிட் சில்லை ஆப்பிள் வைத்தபோது போட்டியாளர்கள் திகைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு படி. மேடையில் கைதட்டல் வாங்காத படிகள். 2020 நவம்பரில் எம்1 எனும் சில்லு வந்தது. அதில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். அதிர்வெண்ணைத் தாறுமாறாக ஏற்றாமல், ஒரே நேரத்தில் பல கட்டளைகளை அள்ளியெடுத்துச் செய்யும்படி அதன் உள்ளமைப்பை அகலமாக்கினார்கள். கணக்குப் போடும் பகுதிக்கு ஒரு நினைவகம், படம் வரையும் பகுதிக்கு வேறொரு நினைவகம் என்று வைத்து இடையில் தகவலைச் சுமந்துகொண்டு ஓடுவதை விட்டு, இரண்டும் ஒரே பானையில் மொண்டுகொள்ளும்படி செய்தார்கள். அச்சில்லு வைத்த ‘மேக்புக் ஏர்’ கணிப்பொறியில் விசிறியே கிடையாது. வேகமும் கூடியது, வெப்பமும் குறைந்தது. பாடப்புத்தகத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை!

இது புதுமை அன்று என்று சொல்பவரிடம் எனக்கு வாதாட விருப்பமில்லை. அவர் ஒருமுறை அந்தக் கணிப்பொறியைத் தொட்டுப் பார்க்கட்டும். நானும் எங்கள் துறைக்கு வந்த விருந்தினர் ஒருவரின் கணிப்பொறியைத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

இந்த வேலைக்குக் கணக்குப்பிள்ளை தேவைப்பட்டார் என்பதுதான் இதில் வேடிக்கை. டிம் குக் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவர். தந்தை கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளி. தொழில்துறைப் பொறியியல் படித்து, ஐ.பி.எம். கம்பெனியில் பன்னிரண்டு ஆண்டு இருந்து, 1998-இல் ஆப்பிளுக்கு வந்தார். கிடங்கில் சரக்குத் தேங்குவதை ஒழிப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்ததை நாள்கணக்குக்குக் கொண்டுவந்தார். ஒரு சில்லு உருவாக வேண்டுமானால் மூன்று நான்கு ஆண்டுக்கு முன்பே பணத்தைப் போட வேண்டும். தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. ஆலையில் இடத்தைப் பேசிவைக்க வேண்டும். இடையில் ஓர் ஆண்டும் தவறக்கூடாது. பத்தாண்டு இப்படி ஒழுங்காக நடத்துவதற்கு மேதையின் கோபத்தைவிடக் கணக்குப்பிள்ளையின் பொறுமையே ஏற்றது. 2011-ஆம் நிதியாண்டில் ஆராய்ச்சிக்காக 240 கோடி டாலர் செலவிட்ட கம்பெனி, 2024-இல் 3,140 கோடி டாலர் செலவிட்டது. 2019-இல் இன்டெல்லிடமிருந்து கைப்பேசி மோடம் பிரிவை வாங்கி, ஆறாண்டு போராடி, 2025 பிப்ரவரியில் தன் சொந்த மோடம் சில்லையும் ஒரு கைப்பேசியில் வைத்துவிட்டது. இதைப் பற்றி விடுதியில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்த வேரின் கதையில் இன்னும் பழைய முடிச்சு ஒன்று உண்டு. ஆப்பிளின் சில்லுகள் யாவும் ஆர்ம் எனும் கட்டமைப்பைத் தழுவியவை. அந்த ஆர்ம் கம்பெனி 1990-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்டபோது பங்கு போட்ட மூவரில் ஆப்பிளும் ஒன்று. அப்போது ஆப்பிளின் தலைவர் யார்? பெப்சி கம்பெனியிலிருந்து 1983-இல் வந்த ஜான் ஸ்கல்லி. அவரோடு ஏற்பட்ட மோதலில்தான் 1985-இல் ஜாப்ஸ் வெளியேறினார். வரலாற்றில் வில்லனாகவே எழுதப்பட்டவர் ஸ்கல்லி. ‘நியூட்டன்’ என்ற கையடக்கக் கருவிக்காக அவர் காலத்தில் அந்தப் பங்கு வாங்கப்பட்டது. 1993-இல் வந்த நியூட்டன் கையெழுத்தைத் தவறாகப் படித்து நகைப்புக்கு ஆளாயிற்று. திரும்பி வந்த ஜாப்ஸ் 1998-இல் அதைக் கொன்றார். கருவி செத்தது, ஆர்ம் பிழைத்தது. நொடித்துக் கிடந்த ஆப்பிளுக்கு அந்த ஆர்ம் பங்குகளை விற்ற பணமும் கைகொடுத்தது. பின்னாளில் அதே ஆர்ம் ஐபோனுக்குள் வந்து உட்கார்ந்தது. ஸ்கல்லி நட்டதை ஜாப்ஸ் எடுத்துக்கொண்டார்; ஜாப்ஸ் நட்டதைக் குக் வளர்த்தார். ஒரு தலைவர் காலத்தில் புதுமை இருந்ததா என்பதை அவர் நாற்காலியில் இருக்கும்போதே தீர்ப்பெழுத முற்படுவோர் இந்தக் கதையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழக்கு இத்தோடு முடிந்திருந்தால் நான் குக்குக்கு மாலை போட்டுவிட்டுப் போயிருப்பேன். புல்லுருவி என்று சொன்னேனே, அது பாக்கி இருக்கிறது.

புல்லுருவி என்று நான் சொல்வது வாடகை வருமானத்தை. ஐபோனில் செயலி விற்பவர், பெறும் பணத்தில் நூற்றுக்கு முப்பது ஆப்பிளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி அங்காடி திறந்த 2008-இலேயே வந்தது. அந்நாளில் அது நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். சந்தையையே அவர்கள்தாம் கட்டினார்கள். சிறு வியாபாரிகளுக்கு 2021 முதல் பதினைந்தாகக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மற்றவர்களை வேறு வாசல் வழியே போகவிடவில்லை. 2020-இல் எபிக் எனும் விளையாட்டுக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. வெளியே போய்ப் பணம் கட்டலாம் என்று வாங்குவோருக்கு வழிகாட்டுவதைத் தடுக்கக்கூடாது என்று 2021-இல் தீர்ப்பாயிற்று. அதற்கு ஆப்பிள் என்ன செய்தது? வெளியே போய்க் கட்டினாலும் எனக்கு இருபத்தேழு கொடு என்றது. கூண்டைத் திறந்துவிட்டுக் காலில் கயிறு கட்டிய கதை! 2025 ஏப்ரலில் அந்நீதிபதி, ஆப்பிள் தன் ஆணையை வேண்டுமென்றே மீறியது என்று எழுதினார். அதேபோல், தன் கருவிகளில் முதல் தேடுபொறியாகத் தன்னை வைத்திருப்பதற்காக கூகுள் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்ததாக நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. சொந்தமாக ஒரு தேடுபொறியை உருவாக்காமல் இருப்பதற்கே இவ்வளவு கிடைக்குமென்றால் யார்தான் உருவாக்குவார்கள்?

2024-ஆம் நிதியாண்டில் ஆப்பிளின் வரவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தகைய சேவைகள் வழியே வந்தது. பொருள் விற்று நூறு டாலர் வாங்கினால் அடக்கம் போகச் சுமார் 37 டாலர் நிற்கிறது. சேவையில் நூறு வாங்கினால் 74 டாலர் நிற்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த நிர்வாகியின் மனமும் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் பொருளாதாரத் துறை நண்பர்களைக் கேட்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கு ஆப்பிள் செலவிட்டது சுமார் 9,500 கோடி டாலர். ஆராய்ச்சிச் செலவைப்போல் மூன்று மடங்கு. ஆராய்ச்சிச் செலவு பதின்மடங்கு வளர்ந்தது என்று சற்றுமுன் புகழ்ந்தவன் நான்தான். அந்தப் புகழ்ச்சியை இந்த எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வாடகை உண்பவன் எதை இழக்கிறான்? தன் கையால் தன் பொருளை அழிக்கும் துணிவை இழக்கிறான். 2006-ஆம் நிதியாண்டில் ஆப்பிளின் வரவில் ஐந்தில் இரண்டு பங்கு ஐபாடிலிருந்து வந்தது. பொன்முட்டையிடும் வாத்து அது. மறு ஆண்டே ஜாப்ஸ் ஐபோனைக் கொண்டுவந்தார். அதற்குள்ளேயே ஒரு ஐபாட் இருந்தது. வாத்தை அறுக்கும் கத்தியை வாத்தின் சொந்தக்காரரே தீட்டினார். ஐபாடின் கடைசி வடிவம் 2022 மே மாதத்தில் நிறுத்தப்படும்வரை அது தேய்ந்துகொண்டே போயிற்று, யாரும் அழவில்லை. 2024-ஆம் நிதியாண்டில் ஆப்பிளின் வரவில் பாதி ஐபோனிலிருந்து வந்தது. குக் காலத்தில் வந்த கடிகாரமும் காதணியும் ஐபோனோடு ஒட்டிப் பிறந்தவை. ஐபோனை விட்டுப் பிரியவொட்டாமல் வாங்கியவரைக் கட்டிப்போடுபவை. ஐபோனைத் தேவையற்றதாக்கும் பொருள் ஒன்றை அந்தக் கம்பெனி செய்ய முற்பட்டதற்கான அடையாளம், அந்த விலையுயர்ந்த கண்கருவியைத் தவிர, வேறெதிலும் எனக்குத் தென்படவில்லை.

இதன் விலை எங்கே தெரிந்தது என்றால், பேசும் உதவியாளன் ‘சிரி’யில் தெரிந்தது. ஜாப்ஸ் இறப்பதற்கு முதல் நாள், 2011 அக்டோபர் 4 அன்று, அது ஐபோனில் அறிமுகமாயிற்று. கருவியோடு மனிதன் பேசும் காலத்துக்கு முதல் வாசலைத் திறந்தவர்களில் ஆப்பிளும் ஒன்று. பதினோர் ஆண்டு கழித்து, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது சிரி இன்னும் சமையலறைக் கடிகாரத்துக்கு மணி வைத்துக்கொண்டிருந்தது. 2024 ஜூனில் ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ என்று பெரிய அறிவிப்பு வந்தது; அதை வைத்துக் கைப்பேசிகளை விளம்பரமும் செய்தார்கள். சிரி திறமையாகப் பேசும் அந்தப் பகுதி மட்டும் 2025 மார்ச்சில் தள்ளிவைக்கப்பட்டது. பயன்படுத்துவோரின் தகவல்களை அள்ளிச் செல்வதில்லை என்ற கொள்கையும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் பதினோர் ஆண்டு என்பது பதினோர் ஆண்டு. சில்லுக்குத் தேதி குறிக்கலாம். ஆலையில் இடம் பிடிக்கலாம். சிந்தனைக்கு அப்படித் தேதி குறிக்க முடியவில்லை. கணக்குப்பிள்ளையின் பொறுமை எங்கே பலித்ததோ அதே பொறுமை இங்கே உறக்கமாயிற்று.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். இந்தியாவில் ஐபோன் பூட்டும் வேலை 2017-இல் பெங்களூரில் தொடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பாக்ஸ்கான் ஆலையில் 2019-இல் தொடங்கிற்று. 2023-இல் ஐபோன் 15 உலகமெங்கும் கடைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் பூட்டியதும் அன்றே கடைக்கு வந்தது. செய்யும் முறையில் செய்த இந்தப் புதுமையும் புதுமைதான். குக் என்ற மனிதரின் கைத்திறன் முழுதும் இதில் இருக்கிறது. பல்லாயிரம் மைல் தள்ளிச் சீனாவில் ஊன்றிய ஒரு தொழிலைப் பெயர்த்து, ஒரு திருகாணிகூடத் தவறாமல் வேறொரு நாட்டில் ஊன்றுவது எளிய காரியமன்று.

எங்கள் ஊரில் ஜவுளி வியாபாரி பாவு நூலும் கொடுப்பார், ஊடை நூலும் கொடுப்பார். இன்ன ரகம் என்றும் சொல்லிவிடுவார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நெய்த துணி எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது தறிக்காரருக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் நடப்பதும் கூலி நெசவுதான் என்று நான் சொன்னால் யாரும் கோபிக்கக்கூடாது. கூலி நெசவில்தான் நான் வளர்ந்தேன், அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. ரகத்தைத் தீர்மானிப்பவர் கலிபோர்னியாவில் இருக்கிறார்.

2021 டிசம்பரில் அந்த ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மற்றவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. நானோமீட்டர்க் கணக்கில் சில்லை அளந்தவர்களுக்கு, அதைப் பூட்டும் பெண் உறங்கும் அறை எத்தனை அடி என்பதை நெடுஞ்சாலை மறியல்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. “புதுமை இருக்கிறதா?” என்று கேட்போர் இந்தப் பகுதியையும் கேள்விக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ரகத்தைத் தீர்மானிக்கும் இடத்துக்கு நம்மில் சிலரேனும் போக வேண்டும் என்று எனக்கு ஆசையுண்டு. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன், “முதலில் செமஸ்டரைத் தாண்டு” என்றான், அதுவும் சரிதான். வரும் ஆண்டு எங்கள் பாடத்திட்டத்தில் நுண்செயலி வருகிறது. நாங்கள் படிக்கவிருப்பது 8085 என்ற சில்லு. இன்டெல் அதை வெளியிட்டது 1976-இல். அதில் 6,500 டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன.